தனியாக இருக்கும்போது கையை வெட்டிக்கொண்டால்: ஒற்றைக் கையால் செய்து முடிக்க ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் என்று பல பக்கமிருந்தும் வேலைக்கும் படிப்புக்கும் வரும் பிள்ளைகள். பாதிப் பேர் இங்கே வந்துதான் முதன்முதலாகக் கத்தி பிடிக்கிறார்கள். "அன்ரி, பிளாஸ்டர் இருக்கா?" என்று கையைத் துவாயில் சுற்றிக்கொண்டு படியில் வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. செய்ய வேண்டியவை எல்லாம் அவர்களுக்கு ஏறக்குறையத் தெரியும். எது முதலில், எது பிறகு என்பதில்தான் பிழைக்கிறார்கள்.

இது குசினிக் கத்தி, திருவலை, ரின் மீன் மூடி, உடைந்த கிளாஸ் போன்றவற்றால் விரலிலோ கையிலோ படும் சாதாரண வெட்டுக்கு, வளர்ந்தவர் ஒருவர் வீட்டில் தனியாக இருக்கும்போது செய்ய வேண்டியது. இரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டால், விரல் நுனி துண்டாகிவிட்டால், ஏதாவது குத்தி உள்ளே நின்றால் கீழே உள்ளதை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். குத்தி நிற்பதைப் பிடுங்க வேண்டாம். அதுவே அடைப்பாக நின்று இரத்தத்தைத் தடுத்துக்கொண்டிருக்கலாம்.

1. வெட்டுப்படுவதற்கு முன்பே: ஒரு கையால் திறக்கும் பெட்டி

கடையில் விற்கும் முதலுதவிப் பெட்டிகளில் பலவற்றை இரண்டு கையும் பல்லும் இல்லாமல் திறக்க முடியாது. பழைய ஐஸ்கிரீம் டப்பா போதும். மூடியை லேசாக வைத்து, குசினிக்கு வெளியே, இடுப்பளவு உயரத்தில் ஒரு தட்டில் வையுங்கள். அலுமாரியின் மேல் தட்டில் வைத்தால், தலை சுற்றும் நேரத்தில் கதிரை மேல் ஏற வேண்டி வரும்.

உள்ளே வேண்டியவை: உறையிட்ட கோஸ் துணி ஐந்தாறு, நீளமான துணிப் பிளாஸ்டர், மைக்ரோபோர் என்று கேட்டால் பார்மசியில் தரும் பேப்பர் பிளாஸ்டர் ஒரு சுருள், சுற்றுப் பன்டேஜ் ஒன்று, சின்னக் கத்தரிக்கோல், வஸ்லின், பனடோல். சேலைன் போத்தல் ஒன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் காரியம் கெடாது. பஞ்சு வேண்டாம். அது காயத்தில் ஒட்டி, நூல் நூலாக உள்ளே தங்கிவிடும்.

இன்னும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. அவற்றைப் பெட்டிக்குள் வைக்க முடியாது.

ஒன்று, போன். என்னிடம் இருந்த ஒரு தம்பி வெங்காயம் வெட்டும்போது கத்தி வழுக்கி, வலது பெருவிரலில் நல்ல வெட்டு. போனைத் திறக்க அந்த விரலின் ரேகையைத்தான் பதிந்து வைத்திருந்தான். இரத்தம் பட்ட விரலை நாலு தரம் வைத்துப் பார்த்து, கடவுச்சொல்லும் பதற்றத்தில் மறந்து, கடைசியில் ஜன்னலால் என்னைக் கூப்பிட்டான். மற்றக் கையின் ஒரு விரலையும் இன்றைக்கே பதிந்து வையுங்கள்.

மற்றது, கதவு. கொழும்புத் தொடர்மாடிகளில் கதவுக்கு வெளியே ஒரு கிரில், அதில் ஒரு பூட்டு. வீட்டில் இருக்கும்போதும் பூட்டி வைப்பது நம் பழக்கம். அந்தத் திறப்பு எங்கே இருக்கிறது என்று இப்போது யோசித்துப் பாருங்கள். உடனே சொல்ல முடியாவிட்டால், கதவுப் பக்கமாக ஆணி ஒன்று அடித்து மாட்டிவிடுங்கள்.

2. முதல் அரை நிமிடம்

கத்தியை நடுவாகத் தள்ளி வையுங்கள். விழுந்தால் காலில் விழும். அடுப்பை நிறுத்துங்கள். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது நீங்கள் அறையில் போய் உட்கார்ந்துவிட்டால், பிறகு காயம்தான் சின்னப் பிரச்சினை.

அப்புறம் கைக்கு எட்டும் சுத்தமான துணி எதையாவது எடுத்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். உடுப்புத் துவைத்து மடித்து வைத்த கைக்குட்டை, டீ சேர்ட், துவாய் எதுவானாலும் சரி. கோஸ் துணி தேடி வீடெல்லாம் சொட்டுவதைவிட இது நல்லது. குசினித் துடைப்புத் துணி மட்டும் வேண்டாம், அதில் இல்லாத கிருமி இல்லை.

எல்லோரும் செய்யும் பிழை இங்கேதான் தொடங்குகிறது. வெட்டுப்பட்ட உடனே பைப்பைத் திறந்து கையை நீட்டுகிறார்கள். ஓடும் தண்ணீரில் உறைய வந்த இரத்தமும் கழுவிப்பட்டுப் போகும், நிற்க நேரமாகும். அதோடு, ஒரு தேக்கரண்டி இரத்தம் தொட்டியில் தண்ணீரோடு கலந்தால் ஒரு கிண்ணம் போலத் தெரியும். பயந்தவர் இன்னும் பயப்படுவார். கழுவத்தான் வேண்டும், ஆனால் பிறகு.

3. உட்காருங்கள்

இரத்தத்தைக் கண்டு மயங்கி விழுவது கோழைத்தனம் இல்லை. இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் திடீரென்று இறங்குவதால் வருவது. நல்ல திடமான ஆளும் விழுவார். விழுந்தால் குசினி மேசை விளிம்பில் தலை அடிபடும், அது விரல் வெட்டைவிட மோசம்.

ஆகவே போகிற வழியில் கிரில் பூட்டைத் திறந்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு, தரையில் சுவரோடு சாய்ந்து உட்காருங்கள். கதிரையிலும் பார்க்கத் தரை நல்லது, அதிலிருந்து விழ இடமில்லை. கண் இருட்டினால், வியர்த்தால், காது அடைத்தால் அப்படியே படுத்துக் கால்களை ஒரு தலையணையில் தூக்கி வையுங்கள். கை அழுத்தியபடியே இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கோ நண்பருக்கோ ஒரு அழைப்பு எடுத்து, "கை வெட்டுப்பட்டுவிட்டது, அரை மணித்தியாலத்தில் திரும்பிக் கதைக்காவிட்டால் வந்து பாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். உதவி கேட்கக் கூச்சப்படுபவர்களுக்கும் இது சுலபம். இப்போது வரச் சொல்லவில்லைதானே.

4. பத்து நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்து

இதுதான் முழு வேலையிலும் முக்கியமானது, ஆகச் சலிப்பானதும் இதுதான். காயத்தின் மேலேயே, நேராக, உறுதியாக அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி பத்து நிமிடம் இருக்க வேண்டும். துணியை எடுத்துப் பார்க்கக் கூடாது.

ஏன் பார்க்கக் கூடாது? வெட்டுப்பட்ட நாளத்தின் வாயில் முதல் சில நிமிடங்களில் மெல்லிய அடைப்பு ஒன்று கட்டுகிறது. துணியைத் தூக்கும்போது அதுவும் சேர்ந்து கழன்று வரும். பிறகு தொடக்கத்தில் இருந்து. நான் ஒரு முறை திருவலையில் சுட்டுவிரலைக் கொடுத்துவிட்டு, ஒரு நிமிடத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து, அரை மணித்தியாலமாகியும் நிற்கவில்லை என்று அழுதேன். கடைசியில் போனில் பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அலாரம் அடிக்கும்போது நின்றிருந்தது. மனதில் எண்ணும் பத்து நிமிடம் நிஜத்தில் மூன்று நிமிடம்தான். அலாரம் வையுங்கள்.

இரத்தம் துணியைத் தாண்டி ஊறினால் அதன் மேலேயே இன்னொரு துணியை வையுங்கள். முதல் துணி அங்கேயே இருக்கட்டும்.

மற்றக் கையும் தேவைப்பட்டால் என்ன செய்வது? சுட்டுவிரலில் வெட்டென்றால் அதே கையின் பெருவிரலால் துணிக்கு மேல் அழுத்தலாம். உள்ளங்கையில் என்றால் கைக்குட்டையை உருட்டி வைத்து முஷ்டியாக இறுக்கிப் பிடியுங்கள். மற்ற விரல்களில் என்றால், துணி சுற்றிய விரலை மற்றக் கையின் கக்கத்துக்குள் வைத்து நெருக்குங்கள். உயரம் குறையும்தான், ஆனால் ஒரு போன் அழைப்பு எடுக்கும் நேரத்துக்குப் போதும்.

ரப்பர் பாண்டையோ நூலையோ விரலின் அடியில் இறுக்கிக் கட்ட வேண்டாம். இரத்தம் நிற்பது போலிருக்கும். கட்டியதை மறந்துவிட்டால் விரலுக்கே இரத்தம் போகாது.

பத்து நிமிடத்துக்குப் பிறகும் ஓடினால் இன்னொரு பத்து நிமிடம். அதற்குப் பிறகும் ஓடினால் வீட்டு வைத்தியம் முடிந்தது, ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். கொஞ்சம் கசிவது வேறு, ஓடுவது வேறு. இதயத்துக்காகவோ பாரிசவாதத்துக்காகவோ வார்பரின், குளோப்பிடோக்ரெல், அஸ்பிரின் எடுப்பவர்களுக்கு இரத்தம் நிற்க நேரம் எடுக்கும். அவர்கள் இரண்டாவது பத்து நிமிடம் வரை பொறுக்காமல் வாகனத்துக்குச் சொல்லிவிட்டு அழுத்திக்கொண்டிருக்கலாம்.

5. இப்போது கழுவுங்கள்

இரத்தம் நின்ற பிறகு குழாய்த் தண்ணீரை மெல்லிய ஓட்டமாகத் திறந்து, ஐந்து நிமிடமாவது காயத்தின் மேல் ஓட விடுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீரே வெட்டுக் காயம் கழுவப் போதும். மாடித் தாங்கியைக் கழுவி எத்தனை வருடம் என்று உங்களுக்கே சந்தேகம் இருந்தால், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். அரை லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, மட்டமாக, போட்டால் ஏறக்குறைய சேலைன் போலவே ஆகிவிடும். எரிச்சலும் குறைவு.

சவர்க்காரத்தைக் காயத்தைச் சுற்றிய தோலில் போடுங்கள், காயத்துக்குள் தேய்க்க வேண்டாம். கையில் மோதிரம் இருந்தால் சவர்க்காரம் இருக்கும் இந்த நேரத்திலேயே கழற்றுங்கள். ஒரு மணித்தியாலம் போனால் விரல் வீங்கி, மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும்.

டெட்டோலைப் போத்தலோடு ஊற்றுவது நம் வீடுகளில் பரம்பரை வழக்கம். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்ற நம்பிக்கை. தண்ணீர் கலக்காத டெட்டோலும் ஸ்பிரிட்டும் கிருமியோடு சேர்த்து, காயத்தை ஆற்ற வேண்டிய தசையையும் சுடும். ஓடும் தண்ணீர் செய்யும் வேலையே பெரிய வேலை. மஞ்சள், கோப்பித் தூள், சீனி, பற்பசை எதுவும் வேண்டாம். பிறகு தையல் போட வேண்டி வந்தால் அந்தத் தூளை எல்லாம் காயத்துக்குள்ளிருந்து சுரண்டி எடுக்க வேண்டும். வெட்டுப்பட்டதிலும் பார்க்க அது நோகும்.

கழுவும்போது திரும்பவும் லேசாகக் கசியும். பயப்பட வேண்டாம், முடிந்ததும் இரண்டு நிமிடம் அழுத்துங்கள்.

6. விரல் வேலை செய்கிறதா என்று பாருங்கள்

இந்தப் படியை அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தோல் வெட்டு சின்னதாக இருக்கும், அடியில் நரம்போ, விரலை அசைக்கும் தசைநாணோ அறுந்திருக்கும். இரத்தம் நின்றதும் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, இரண்டு கிழமை கழித்து விரல் மடியவில்லை என்று வருவார்கள்.

முதலில் மடக்கிப் பார்ப்பது. மேசையில் கையை மல்லாத்தி வையுங்கள். வெட்டுப்பட்ட விரலின் நடு மூட்டை மற்றக் கையால் நேராகப் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மடக்குங்கள். பிறகு பிடியை விட்டு முழு விரலையும் மடக்கி, நீட்டுங்கள். மற்றக் கையின் அதே விரலோடு ஒப்பிடுங்கள். நோவினால் மெதுவாக மடிவது வேறு, மடியவே மாட்டேன் என்பது வேறு.

அடுத்தது உணர்ச்சி. ஒரு விரலுக்கு இரண்டு பக்கமும் தனித்தனி நரம்பு ஓடுகிறது. அதனால் விரல் நுனியின் இடப் பக்கம், வலப் பக்கம் இரண்டையும் பேனை மூடியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மரத்துப் போயிருந்தால், பஞ்சு வைத்துத் தொட்டது போலிருந்தால், அந்தப் பக்கத்து நரம்பு வெட்டுப்பட்டிருக்கக் கூடும். கழுவிய உடனே கை குளிர்ந்திருக்கும், இரண்டு நிமிடம் விட்டுச் செய்யுங்கள்.

மடங்கவில்லை, நீளவில்லை, மரத்திருக்கிறது என்றால் காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

7. வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா

மேலே சொன்னவை தவிர, தையலுக்குப் போக வேண்டியவை: விட்டால் வாய் பிளந்து நிற்கும் வெட்டு, உள்ளே மஞ்சளாகக் கொழுப்புத் தெரியும் வெட்டு, மூட்டுக்குக் குறுக்கே உள்ளது, மடிக்கும்போதெல்லாம் திறப்பது. கிளாஸ் உடைந்து வெட்டியிருந்தால் துண்டு உள்ளே இருக்கலாம். எக்ஸ்ரேயில் கிளாஸ் பெரும்பாலும் தெரியும், எனவே "கிளாஸ்" என்று மறக்காமல் சொல்லுங்கள். "காலையில் பார்ப்போம்" என்று தள்ள வேண்டாம். நேரம் போகப் போகக் கிருமி பெருகும், பிறகு தையல் போட்டு மூடவே தயங்குவார்கள்.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் என்றால் களுபோவில போதனா வைத்தியசாலை கிட்ட. மற்றப்படி கொழும்பு தேசிய வைத்தியசாலை. வெளிநோயாளர் வரிசையில் போய் நிற்க வேண்டாம். தேசிய வைத்தியசாலையில் விபத்துச் சேவைப் பிரிவு என்று தனியாக இருக்கிறது, இரவு பகல் எந்த நேரமும் போகலாம், காசு இல்லை. நீங்களே வாகனம் ஓட்ட வேண்டாம், ஓட்டோ பிடியுங்கள்.

புதிதாகக் கொழும்புக்கு வந்து சிங்களம் தெரியாதவர்கள் வாசலில் தடுமாறுவார்கள். "பிஹியென் அத்த கெபுணா" என்றால் கத்தியால் கை வெட்டுப்பட்டது என்று அர்த்தம். அது போதும், மிச்சத்தைக் கை சொல்லும். அடையாள அட்டை, எடுக்கும் மருந்துகளின் பெயர், ஒவ்வாமை இருந்தால் அது, கடைசியாக ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்ட வருடம் ஆகியவற்றை ஓட்டோவில் போகும்போதே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

8. வீட்டில் மூடுவது

காயத்தைச் சுற்றித் துடைத்து நன்றாக உலர விடுங்கள். ஈரத் தோலில் எந்தப் பிளாஸ்டரும் நிற்காது. கொழும்புப் புழுக்கத்தில் மின்விசிறிக்கு முன்னால் இரண்டு நிமிடம் பிடிப்பது நல்லது.

வெட்டின் விளிம்புகள் தாமாகவே சேர்ந்திருந்தால் மெல்லிய வஸ்லின் பூச்சு, மேலே பிளாஸ்டர். சற்று விலகினால் முதலில் மைக்ரோபோரை நெல்லின் அகலத்துக்குச் சின்னக் கீற்றுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு நுனியை வெட்டின் ஒரு பக்கம் ஒட்டி, விளிம்பைச் சேர்த்து இழுத்து, மறு பக்கம் ஒட்டுங்கள். வெட்டுக்குக் குறுக்காக, இடைவெளி விட்டு இரண்டு மூன்று. கீற்றுப் போட்ட இடத்தில் வஸ்லின் வேண்டாம், கழன்றுவிடும். ஒரு கையால் வெட்ட முடியாது என்பவர்கள் கீற்றுகளை இப்போதே வெட்டிப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டி வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மூட்டிலும் விரல் நுனியிலும் பிளாஸ்டர் நிற்காது என்று எல்லோரும் சலிப்பார்கள். நீளப் பிளாஸ்டரின் இரண்டு முனைகளையும் நடுவிலுள்ள துணி வரைக்கும் நெடுக்காகக் கத்தரியுங்கள். நான்கு வால் வரும். மேல் வால்களைக் கீழே சாய்த்தும், கீழ் வால்களை மேலே சாய்த்தும் குறுக்குமறுக்காக ஒட்டினால் விரல் மடங்கும்போதும் கழறாது. விரல் நுனி நீலமாகவோ குளிர்ந்தோ போனால் இறுக்கம் அதிகம், அவிழ்த்து ஒட்டுங்கள்.

"காற்றுப் பட விடு, காயட்டும்" என்பார் பக்கத்து வீட்டு மாமி. காய்ந்து பொருக்கு விட்ட காயத்திலும் பார்க்க, மூடி ஈரப்பதமாக வைத்த காயம் விரைவில் ஆறும்.

நோவுக்குப் பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு மாத்திரை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டு எடுங்கள். டிஸ்பிரின் வேண்டாம், அது அஸ்பிரின், இரத்தம் உறைவதைக் குறைக்கும்.

9. ஏற்பு ஊசிக் கணக்கு

இரும்பு துருப்பிடித்திருந்தால்தான் ஏற்பு வரும் என்று நினைக்கிறார்கள். ஏற்புக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. பளபளக்கும் புதுக் கத்தியில் மண்ணோடு வந்த கிழங்கை வெட்டினாலும் போதும்.

இலங்கையில் வளர்ந்தவர்களுக்குக் கணக்கு இலகு. குழந்தையில் போட்டவற்றுக்குப் பிறகு 5 வயதில் ஒன்று, 11, 12 வயதில் பள்ளிக்கூடத்தில் ஒன்று. சுத்தமான சின்ன வெட்டுக்குக் கடைசி ஊசி பத்து வருடத்துக்குள் இருந்தால் போதும், அழுக்கான காயத்துக்கு ஐந்து வருடத்துக்குள். அதாவது இப்போது 23 வயதாகி, பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஒன்றும் போடவில்லை என்றால் உங்கள் பத்து வருடம் முடிந்துவிட்டது. காயம் வீட்டிலேயே ஆறினாலும் ஓரிரு நாளுக்குள் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

பூனை, நாய் கீறியதோ கடித்ததோ என்றால் கணக்கே வேறு. சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி, விசர்நாய்க் கடி ஊசி தேவையா என்று அவர்கள் சொல்வார்கள்.

10. அடுத்த நாட்கள்

நாளுக்கு ஒரு தரம், நனைந்தால் உடனே, பிளாஸ்டரை மாற்றுங்கள். நனைந்த பிளாஸ்டருக்குள் தோல் வெள்ளையாக ஊறிப் பிளக்கும். கோப்பை கழுவும்போது ரப்பர் கையுறை. மீன், இறால் சுத்தம் செய்வதைக் காயம் மூடும் வரை விட்டுவிடுங்கள். மீன் தண்ணீர் பட்ட காயம் பழுக்கக் கூடியது.

இரண்டாம், மூன்றாம் நாளில் நோவு குறைய வேண்டும். கூடினால், சிவப்புப் படர்ந்தால், சுட்டால், விண்விண் என்று தெறித்தால், சீழ் வந்தால், கையில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு போனால், காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் போங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் முதல் அறிகுறியிலேயே போக வேண்டும். மிச்சம் கிடந்த அன்டிபயோட்டிக்கை விழுங்க வேண்டாம்.

தையல் போட்டிருந்தால், வெட்டும் திகதியைத் துண்டில் எழுதித் தருவார்கள். கையில் பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள். அந்தத் துண்டை அன்றே படம் பிடித்து வையுங்கள், பிறகு எந்தக் காற்சட்டைப் பையில் போட்டோம் என்று தேட வேண்டாம்.

பெட்டியில் எடுத்தவற்றைத் திரும்ப வாங்கி வையுங்கள். போன மாதம் ஒரு பிள்ளை திருவலையில் விரலைக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டு ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தாள். உள்ளே பிளாஸ்டர் உறைகள் ஏழு இருந்தன, எல்லாம் வெறும் உறைகள்.